சிவப்புப் பட்டை போட்ட மரங்கள்

காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் நாடுகளுக்குக் கார்பன் நிதி என்று ஒன்று கிடைக்கிறது. சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவார்களா? காடு நிற்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வந்தவர்தான் நம் நிபுணர். முழுக் காட்டையும் அளக்க முடியாது. அங்கங்கே சில துண்டுகளை எடுத்து, அந்த மரங்களை மட்டும் நாடா சுற்றி அளப்பார்கள். அதை வைத்து மீதிக் காட்டை மதிப்பிடுவார்கள். எந்தத் துண்டு என்று ஊருக்குத் தெரியவே கூடாது. நிபுணரே எழுதிய கையேட்டில் மூன்றாம் பக்கத்திலேயே இது இருக்கிறது.

எழுதினவருக்கு அது ஞாபகம் இருக்க வேண்டாமா? முதல் தடவை வந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில், அளந்த மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் பட்டை போடச் சொன்னார். கூட வந்த ஊர்க் காட்டுக் காவல்காரம்மாவிடம், "இந்த மரங்கதாம்மா உங்க ஊருக்குப் பணம் கொண்டுவரும், பத்திரமாப் பாத்துக்கங்க" என்று வேறு சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவள் இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். சொந்த அண்ணன், ஒழுகுகிற கூரைக்கென்று தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தைக் கேட்டான். அதில் பட்டை இருந்தது. முடியாது என்றுவிட்டாள். கூடப் பிறந்தவளே இப்படிச் சொல்லிவிட்டாளே என்று அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்தினான். மற்றவர்கள் பட்டை இல்லாத பக்கம் போய் வெட்டிக்கொண்டார்கள்.

இன்று வனத்துறைக் கூட்ட அறையில், அந்தக் காட்டின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் போட்டார்கள். அளந்த துண்டுகள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன, சுற்றிலும் மொட்டை. இந்தத் துண்டுகளை வைத்து மீதிக் காட்டை மதிப்பிட முடியாது, இரண்டு வருஷ அளவும் வீண், முதலிலிருந்து அளக்க வேண்டும், அதுவரை நிதி கிடையாது என்றார் வனத்துறை இயக்குநர். இப்படி எப்படி ஆனது என்று நிபுணரைக் கேட்டார். சிறந்த காவலர் சான்றிதழ் வாங்க நல்ல துணி உடுத்தி வந்திருந்த காவல்காரம்மா கடைசி நாற்காலியில் இருந்தாள்.

நிபுணர் தண்ணீர் குடித்தார். "ஊர்க்காரங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க" என்றார். அவருக்கு நாக்கு கூசவில்லை, பாவி மனுஷன்.

அவள் எழுந்து நின்றாள். "எங்க தப்புதாங்க ஐயா. மன்னிச்சிடுங்க."

சான்றிதழ் உறைக்குள்ளேயே இருந்தது. வெளியே நடையில் நிபுணர் அவளைத் தேடிப் போனார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. சொன்னது தான்தானே என்று இழுத்தார்.

"ஞாபகம் இருக்கு சார். உங்களை விட்டா எங்க காட்டுக்காக யாரு எழுதிக் குடுப்பா? அதான் சொல்லலை." போகத் திரும்பியவள் நின்றாள். "அப்போ, அண்ணன் கேட்ட மரத்தைக் குடுத்திருக்கலாமா சார்?"

இல்லை என்று சொல்ல எத்தனையோ வழி இருந்தது. "குடுத்திருக்கலாம்மா" என்றார். தலை நிமிரவில்லை.

அவள் அவருடைய போனைக் கேட்டு வாங்கி, மனப்பாடமாக இருந்த அண்ணன் எண்ணைப் போட்டுக் காதில் வைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"புது நம்பர்ல, அதான் எடுக்கலை போலிருக்கு" என்று போனைத் துணியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே யாரோ நிபுணரைக் கூப்பிட்டார்கள். அவர் அங்கேயே நின்றார்.