இழுவைப் பசைக்கு நாலாவது கை

1

இந்தக் கதை ஒரு தோல்வியில் தொடங்கியது, தோல்வி என்னுடையது. சிறுவர் இதழ் ஒன்றுக்கு, இழுத்தால் நீளும் விளையாட்டுப் பசையான ஸ்லைமை வீட்டில் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் எழுதக் கேட்டார்கள். எழுதுமுன் செய்துபார்ப்பது என் வழக்கம். தச்சர்களின் வெள்ளைப் பசையை ஒரு கோப்பையில் எடுத்தேன். கரம் (கேரம்) பலகையில் தூவும் போரிக் பவுடரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். கிளறினேன். திரளவில்லை. பசை கொஞ்சம் தண்ணீர்ப் பசை ஆயிற்று, அவ்வளவுதான்.

எனக்குத் திரளாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. நட்டமில்லாத இடத்தில் கதையும் இல்லை. ஆகவே என் கோப்பையை 1993ஆம் ஆண்டுக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வாடகை அறைக்கு, யசிந்தா என்ற பெண்ணிடம் அனுப்பிவைத்தேன். அவளுக்குத் திரண்டே ஆகவேண்டும்.

2

முதல் தொடக்கம்: பொருளாதாரத் தடையின் கரிய நிழல் குடாநாட்டின் மீது கவிந்திருந்த அந்த

[நிறுத்திவிட்டேன். நிழல் கவிந்தால் யசிந்தாவின் கையிலுள்ள பேணி, அந்தச் சின்னக் குவளை, தெரியாது. இந்தக் கதைக்குப் பேணி தெரியவேண்டும்.]

இரண்டாம் தொடக்கம்: சவர்க்காரம் இல்லை.

இது போதும். குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரமே இல்லாத ஊரில் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு என்ன வந்திருக்கும்? குருநகரிலிருந்து அக்கா பெர்னடெட்டுடன் போரால் இடம்பெயர்ந்து வந்த யசிந்தா, பக்கத்துப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியை. அங்கே ஐந்து பெண்பிள்ளைகள் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்க ஆசைப்பட்டார்கள். பாடசாலைத் தலைவரான அதிபர் சோமசேகரம் சம்மதிக்கவில்லை.

"சோதனைக்குழாய் இல்லாமல் இரசாயனமோ பிள்ளை? வர்த்தகம் படிக்கட்டும். அதுக்குப் பென்சில் காணும்."

"வீட்டுச் சாமானிலை ஒரு பரிசோதனை செய்து காட்டுறன், சேர். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கோ."

"காட்டினால் வகுப்பு. காட்டாட்டில் வர்த்தகம்."

3

தச்சுப்பட்டறை ஒன்றில் பாதி காய்ந்த பசை டின் கிடைத்தது. மூன்று தடவைக்குப் போதும். போரிக் பவுடரைத் தந்தவர் சனசமூக நிலையத்தின் கரம் வீரர் தேவராசா.

செவ்வாய்க்கிழமை, வீட்டு அலுமினியப் பேணியில் பவுடரைக் கரைத்துப் பசையில் ஊற்றினாள். உடனே திரண்டது. மெல்ல இழுத்தால் நீண்டது. வெடுக்கென இழுத்தால் அறுந்தது. புதன்கிழமை ஒத்திகை. அதே பவுடர், அதே பசை, அதே அளவு. சபைக்கு அழகாக இருக்கட்டும் என்று அக்கா எடுத்துக் கொடுத்த பித்தளைச் செம்பு. திரளவில்லை.

மிச்சமிருந்தது ஒரு தடவைக்கான பசை.

(இந்த இடத்தில் நான் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். எனக்கும் தெரியாது. தன் பாத்திரத்தைப் புதிருக்குள் இறக்கிவிட்டுச் சாவியை வெளியே தேடும் எழுத்தாளரை நீங்கள் நம்பிப் படிக்கிறீர்கள்; நன்றி.)

4

வியாழக்கிழமை யசிந்தா தேவராசாவை வீட்டுக்கே கூப்பிட்டு விசாரித்தாள்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. டின்னுக்கை மா கலந்தனீங்களோ?"

"மா இருந்தால் பிட்டு அவிச்சுத் தின்னமாட்டனே? ஏன் கரம் போட்டிலை கொட்டுறன்?" அவர் செவ்வாய்க்கிழமைக் கட்டியை விரலால் தூக்கிப் பார்த்தார். "உதென்ன, அழுக்காய்க் கிடக்கு? என்ரை பவுடர் பால் வெள்ளை."

உள்ளேயிருந்து பெர்னடெட் வந்தாள். "அழுக்கோ? என்ரை பேணியிலையோ? சாம்பல் போட்டுத் தேய்ச்சனான்."

"தேய்ச்சனீர், சரி. கழுவினனீரோ?" என்றார் தேவராசா.

"பக்கத்து வளவுக் கிணத்திலையிருந்து சுமக்கிறது நான். ஒரு தண்ணிதான் வார்ப்பன். கூட வேணுமெண்டால் நீங்கள் சுமவுங்கோ."

யசிந்தா கட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே சாம்பல் துகள்கள்.

"அக்கா, செம்பை என்னத்தாலை தேய்ச்சனீங்கள்?"

"பழப்புளியாலை. அதிபர் வாற இடத்துக்குக் கறுத்த செம்போ கொண்டுபோறது?"

யசிந்தா சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. எனக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் விளங்கியது. நான் உண்டாக்கியவள் என்னை முந்தியதில் சிறிய பொறாமை. அதை மறைக்க அடுத்த பகுதியில் நான் விளக்கம் சொல்கிறேன்.

5

பசைக்குள் இருப்பவை மிக நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள். பல்பகுதியம் என்று பாடப்புத்தகம் சொல்லும். முடிச்சுப் போடாத வலைநூல் போல அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். அதனால் பசை ஊற்றலாம். நூல்களை முடிச்சுப் போட்டால் வலை. முடிச்சுப் போடவேண்டியவர் போரிக் அமிலம். ஆனால் அவருக்கு மூன்று கைகள்தான். காரம் கலந்த நீரில் நாலாவது கை முளைக்கிறது. இரண்டு கையால் ஒரு சங்கிலியையும் மற்ற இரண்டால் இன்னொன்றையும் பிடிக்கிறார். பிடி அடிக்கடி தளரும், மறுபடி பிடிக்கும். மெல்ல இழுத்தால் மாறிப் பிடிக்க நேரமுண்டு; வெடுக்கென்றால் இல்லை.

(கை என்பது என் சொல். இரசாயனவியலாளர் யாராவது படித்தால் பொறுத்துக்கொள்க.)

விறகுச் சாம்பல் காரம். புளி அமிலம். அரைகுறையாகக் கழுவிய பேணி உதவிசெய்தது. பளபளத்த செம்பு கையை விரித்தது. பெர்னடெட்டுக்கு நீதியாக ஒன்று: செம்பில் புளி இல்லாவிட்டாலும் திரண்டிருக்காது. சாம்பல் இல்லாததே குறை. புளி அதை உறுதிசெய்தது.

6

முடிவுகள்.

அ. அதிபர் கண்கலங்கி, "பிள்ளை, என்ரை கண்ணைத் திறந்திட்டீர்" என்று

[அழித்தேன். இந்த ஆள் அப்படிச் சொல்லமாட்டார்.]

ஆ. கிளறும் நேரம் வானத்தில் விமானச் சத்தம். எல்லோரும் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓடுகிறார்கள்.

[நடக்கக்கூடியதுதான். ஆனால் எனக்கு முடிக்கத் தெரியாததற்கு விமானத்தைக் கூப்பிடுவது கள்ளம்.]

இ. வெள்ளிக்கிழமை செம்பு வந்தது, பெர்னடெட் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மூன்று தண்ணி வார்த்துக் கழுவியிருந்தாள். யசிந்தா போரிக் நீரில் தெளிந்த சாம்பல் நீரைச் சேர்த்துக் கடைசிப் பசையில் ஊற்றினாள். ஐந்து பிள்ளைகளும் மேசையை நெருங்கினார்கள். திரண்டது.

அதிபர் வாங்கி இழுத்தார். நீண்டது. மடித்தார், மறுபடி இழுத்தார். யசிந்தா வகுப்புக்கான அனுமதிக் கடிதத்தைக் கையெழுத்துக்காக முன்னால் வைத்தாள்.

"பொறும் பிள்ளை," என்றார் அவர், கட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரண்டு கையும் வேலையிலை."

பேனை மேசையில் கிடக்கிறது. அவரிடமிருந்து கட்டியை வாங்கிப் பேனையைக் கொடுக்கும் பொறுப்பை உங்களுக்கு விடுகிறேன்.

7

நான் தரக்கூடியது செய்முறை. அரைக் கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு தேக்கரண்டி போரிக் பவுடர். அதில் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்டு வடித்த நீர் இரண்டு மேசைக்கரண்டி; சாம்பல் இல்லாதவர்கள் அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி. வாயில் வைக்காதீர்கள், பிறகு கையைக் கழுவுங்கள். வெள்ளைப் பசையில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் திரளும். எனக்குத் திரண்டது.