மூன்று பேர் கூடாரம்

மலையேற்றச் சாமான் விற்கும் கடையின் உத்தரத்தில் தொங்கிய கொக்கித் தராசில் தன் பையை மாட்டிய துணிக்கடைக்காரர், முள்ளைப் பார்க்கவில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். சரக்கைவிட நிறுப்பவன் முகம் அதிகம் சொல்லும் என்பது அவர் வளர்ந்த வீட்டுப் பாடம்.

"பரவாயில்லையே சார்! மலைக்குப் போறவரு பை மாதிரியே இல்ல, காத்து மாதிரி இருக்கு."

இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஒரு வருஷமாக மெனக்கெட்டிருந்தார். போன தடவை பாதி மலையில் முழங்கால் மக்கர் பண்ண, கூட வந்த மூன்று பேரும் அவர் மூட்டையை மாற்றி மாற்றிச் சுமந்து, உச்சியைப் பார்க்காமலே இறங்க வேண்டியதாயிற்று. மனைவியின் தம்பி, பல் டாக்டர், டாக்டரின் தம்பி. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு கொடுத்து அன்றைக்கே கணக்கைத் தீர்த்திருக்கலாம். அதன் பிறகு தினமும் தண்ணீர் பாட்டில்களை முதுகில் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பல் பிரஷின் காம்பைப் பாதியாக நறுக்கினார். சட்டைக் காலரின் லேபிளைக்கூடப் பிரித்தெடுத்தார். "எடை குறையணும்னா அடுத்து காதையும் அறுத்துடுங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. அது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

இன்றைக்கும் அதே மூவர் கூட வந்திருந்தார்கள். கடையில் பேரம் அவர் பொறுப்பு. தூங்கும் பையை இரண்டு விரலால் தேய்த்து, ஊசிப்போனதை முகர்ந்தவர் போல மூக்கைச் சுளித்தார். அடுப்பைத் தூக்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, வாசல்வரை நடந்தார். கடைக்காரர் கூப்பிடுவார் என்று தெரியும், கூப்பிட்டார்.

"நாலு செட்டு மொத்தமா எடுக்கறோம். சில்லறை விலையைச் சொல்லி விரட்டறீங்களே!"

"நீங்க மட்டும் வரலைன்னா எங்களை மொட்டை அடிச்சு அனுப்பியிருப்பாரு" என்றார் பல் டாக்டர். துணிக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

கடைசியில் கூடாரம். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது நாலு பேருக்கு, கம்பியெல்லாம் சேர்த்து கனம். இதுல கம்பியே கிடையாது. கைத்தடியை நட்டு, கயித்தை இழுத்துக் கட்டினா போதும். ரொம்ப லேசு, ஆனா மூணு பேருதான் படுக்கலாம்."

"இதுவே போதும்" என்றான் மைத்துனன்.

"அப்ப நான்? வெளிய நின்னு கரடிக்கு வழி சொல்லணுமா மாப்ள?"

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் அடுப்பின் திருகைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல ஆராய்ந்தார். அவர் தம்பிக்குத் திடீரென்று ஷூ நாடாவைக் கட்ட வேண்டியிருந்தது.

"மாமா... இந்தத் தடவை நீங்க ரெஸ்ட் எடுங்களேன். அக்காகிட்டயும் பேசியாச்சு."

"எப்ப?"

"போன தடவை வந்ததுமே."

ஆக, அவர் மூச்சு வாங்கி ஏறிய படிகளையெல்லாம் அவள் தெரிந்தே கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். துடைத்துக்கொள்ளத் துண்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகு எதற்கு என்னை இங்கே கூட்டி வந்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தார். பதில் மேஜைமேல் குவிந்து கிடந்தது, அவர் குறைத்துக் கொடுத்த விலையில்.

கடைக்காரர் கனைத்தார். "சார், நாலு செட்டுக்குத்தான் அந்த விலை. மூணுன்னா கட்டுப்படியாகாது."

மூவரும் துணிக்கடைக்காரரைப் பார்த்தார்கள். இரண்டடி வைத்தால் வாசல். இந்த முறை யார் கூப்பிட்டாலும் திரும்பாமல் போய்விடலாம். ஆனால் அவர் நாக்கு கடையிலேயே பிறந்து வளர்ந்தது. அதற்கு மானம் ரோஷம் எதுவும் சொல்லித் தரப்படவில்லை.

"ஒரு ஆளு கழிஞ்சா விலை ஏறுமாய்யா? உங்களுக்கு ஒரு செட்டு மிச்சம். சொன்ன விலைக்கே போடுங்க, இல்லைன்னா நாலு பேருமே கிளம்பறோம்."

கடைக்காரர் படிந்தார்.

"பிரிச்சுக் காட்டுங்க, படுத்துப் பார்த்துடறோம்" என்றான் மைத்துனன். கடையின் வழவழப்பான தரையில் முளை எங்கே அடிப்பது? மூன்று கயிறுகளை அலமாரிக் கால்களில் கட்டிய கடைக்காரர், நான்காவதற்கு இடம் தேடினார். "சார், இதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுக்கறீங்களா? விட்டா மொத்தமும் சாஞ்சுடும்."

துணிக்கடைக்காரர் கயிற்றை வாங்கி, உள்ளங்கையில் சுற்றி, இறுக்கினார். மூவரும் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். மெல்லிய துணியில் முழங்கைகளும் முட்டிகளும் புடைத்து அடங்கின. வாசலில் ஆறு பாதங்கள் வரிசையாக நீண்டன.

"இடம் தாராளமா இருக்கு மாமா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கயிறு அவர் கையில் விறைத்து நின்றது.