மணியக்காவின் முறை

அந்தக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் அவளை எல்லோரும் மணியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆலைகளிலும் பள்ளிகளிலும் அடிக்கிற மணி மனிதர்களை எப்படி ஆட்டிவைத்தது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அது போதாதென்று, வருஷத்துக்கு ஒரு நாள் நடக்கும் ஆய்வரங்கை நடத்துகிற பொறுப்பும், அதில் பேசுகிறவர்கள் நேரம் தாண்டினால் பித்தளைக் கைமணியை அடித்து உட்காரவைக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது. "மணியைப் பத்திப் படிச்ச பொண்ணு, நீயே அடிச்சுடும்மா" என்று துறைத்தலைவர் என்றைக்கோ விளையாட்டாகச் சொன்னார். அதுவே நிலைத்துவிட்டது.

ஆய்வரங்கை நடத்துகிறவர் தன் கட்டுரையைக் கடைசியாகத்தான் வாசிக்க வேண்டும். அந்தத் துறையில் அப்படி ஒரு வழக்கம். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு வீட்டுக்காரி உட்காருவது மாதிரி, பார்க்க மரியாதையாகத்தான் இருக்கும். பாத்திரத்தில் ஏதாவது மிஞ்சியதா என்று மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் மணியக்கா தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பொழுது போய்விட்டது. "அடுத்த தடவை பாத்துக்கலாம்மா. கட்டுரை எங்க ஓடிப்போகுது" என்றார் தலைவர். அரங்கில் வாசிக்காத கட்டுரை துறையின் தொகுப்பில் அச்சாகாது. அச்சாகாத ஆராய்ச்சியை யாரும் ஆராய்ச்சி என்று சொல்வதில்லை. ஆறு வருஷ உழைப்பை இதுவரை முழுசாகக் கேட்டவர் அவள் கணவர் ஒருவர்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். கேட்டதும் துணி மடித்துக்கொண்டேதான்.

அன்று காலை அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே சொன்னார், "மூணாவது வருஷமா இதே நாள்ல லீவு கேக்கறேன். உங்க வீட்ல என்னய்யா விசேஷம்னு மேனேஜர் கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"என் பொண்டாட்டி பேசப்போறா, போய்க் கேக்கணும்னேன். அதுக்கு எதுக்குய்யா லீவு, அதைத்தான் எல்லாரும் வீட்லயே கேக்கறோமேன்னாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த வாட்டி வாசிக்காம மேடையை விட்டு எறங்க மாட்டேன்" என்றாள்.

"எறங்கலைன்னா நான் பெல்ட்டும் கயிறும் கொண்டுவரேன். எறக்கறதுதான் நம்ம தொழில்."

கல்லூரிக்குப் போனால் முதல் அடி காத்திருந்தது. இரண்டு அரங்குகளில் இரண்டாகப் பிரித்து நடத்தத்தான் ஏற்பாடு. சின்ன அரங்கின் கூரையில் குழாய் உடைந்து, நாற்காலிகள் எல்லாம் நனைந்து கிடந்தன. அத்தனை பேரையும் பெரிய அரங்கில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவதைத் தவிர வழியில்லை. மணியக்கா மணியை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

எத்தனை விதமான ஆராய்ச்சி என்கிறீர்கள். பழைய புகைப்படங்களில் ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று ஒரு பெண் பேசினாள். நல்ல பேச்சு, நேரத்தோடு முடித்தாள், மணியக்கா அவளை மனசுக்குள் வாழ்த்தினாள். அடுத்து ஒரு தாடிக்காரர். ஆயிரக்கணக்கான நாவல்களைக் கணினியில் கொட்டி, எந்தெந்த அத்தியாயத்தில் மழை பெய்கிறது என்று கண்டுபிடித்திருந்தார். கல்யாணம் நின்றுபோகிற அத்தியாயங்களில்தான் அதிகமாம். அதைச் சொல்ல அவருக்குப் படம் படமாக வரைபடம் வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தர் நீதிமன்றத்தில் ஆறுகள் கட்சிக்காரராக வந்த வழக்குகளைப் பற்றி, இன்னொருத்தர் மருத்துவமனைகளின் வாசனையைப் பற்றி. தத்துவத் துறைக்காரர் ஒருவர் நாற்காலி என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மணியக்கா இரண்டு தரம் மணி அடித்த பிறகுதான் இறங்கினார். இறங்கி வந்து பார்த்தால் அவர் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

"இது என் நாற்காலி" என்றார் தத்துவக்காரர்.

"இப்பத்தானே சார் இல்லைன்னீங்க" என்றார் உட்கார்ந்திருந்தவர். எழுந்திருக்கவில்லை.

இந்தச் சண்டையை விலக்கப் போனதில் இன்னும் கொஞ்ச நேரம் கரைந்தது. மணியக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் வந்தார் குடைக்காரர். வேறொரு கல்லூரியிலிருந்து வந்த விருந்தாளி. குடையின் வரலாற்றைப் பற்றி எழுதுவதற்கென்றே பிறந்தவர். மேடையிலேயே ஒரு கறுப்புக் குடையை விரித்தார். அது ஒலிபெருக்கிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்கவே பாதி நேரம். மணி அடித்தாள். "இதோ முடிச்சுட்டேன்" என்றார். மறுபடி அடித்தாள். "கைப்பிடிக்கு வந்துட்டேன், அவ்வளவுதான்" என்றார். மூன்றாம் தரம், கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும்படி, கையை ஓங்கி அடித்தாள். குடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு இறங்கினார். "ரொம்ப சத்தமான மணிம்மா இது" என்று மட்டும் சொன்னார். கடைசி வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

எல்லோரும் பேசி முடித்தபோது ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. மணியக்கா எழுந்தாள். தலைவரும் எழுந்தார்.

"அம்மா, அஞ்சு மணிக்கு வங்கி ஊழியர் கூட்டத்துக்கு இந்த ஹாலைக் குடுக்கணும். வாசல்ல வந்து நிக்கறாங்க. நீ சுருக்கமா ரெண்டு வார்த்தை சொல்லிடேன்."

"சுருக்கம் ஏற்கெனவே குடுத்தாச்சு சார். இது கட்டுரை."

"கோவப்படாதம்மா. அடுத்த தடவை முதல்ல உன்னையே..."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க சார். அதுக்கு முன்னாடியும்." கையிலிருந்த தாள்களைத் தட்டி அடுக்கினாள். "இவங்க எல்லாருக்கும் நான் நேரம் குடுத்தேன். நாற்காலி இருக்கா இல்லையான்னு கூட உக்காந்து கேட்டேன்."

முன்வரிசையில் யாரோ செருமினார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. பத்தே பத்து நிமிஷம். பாதியில நின்னா அது வாசிச்சதாக் கணக்கில்லை, உனக்கே தெரியும். யாராவது அந்த மணியைப் பிடிங்கப்பா."

"நான் பிடிக்கறேன்" என்று கை நீட்டினார் குடைக்காரர்.

மணியக்காவுக்குப் பகீரென்றது. மூன்று தரம் அடித்து விரட்டின ஆளின் கையிலேயே மணி போகிறது. வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்ளப் போகிறார். ஆனாலும் என்ன செய்வது. மேடையேறி, தாள்களைப் பிரித்து, மூச்சு விடாமல் வாசிக்கத் தொடங்கினாள்.

அது ஒரு நூற்பாலையின் கதை. சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் ஆலை மணி அடிக்கும். அடிக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். புதிதாக வந்த நிர்வாகி இடைவேளையைப் பாதியாகக் குறைத்தார். கைக்குழந்தைக்காரிகள் ஆலை வாசலில் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு நாள், கூரைமேல் தொங்கும் பெரிய மணியின் நாக்கில் யாரோ பஞ்சுத் துணியைச் சுற்றிவிட்டார்கள். கயிறு ஆடுகிறது, மணி ஆடுகிறது, சத்தம் இல்லை. முற்றத்தில் பெண்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். நிர்வாகி ஓடிவந்து கத்தினார். மணிக்காரி கயிற்றை விடாமல் சொன்னாள், "இழுத்துக்கிட்டுதான் ஐயா இருக்கேன்."

மணியக்கா நிமிர்ந்து பார்த்தாள். மழைத் தாடிக்காரர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். புகைப்படப் பெண் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து எட்டிப் பார்த்த வங்கி ஊழியர்கள் சுவரோரம் நின்றுவிட்டார்கள். தலைவர் ஒருவர்தான் கடிகாரத்தைத் தட்டி, குடைக்காரருக்குச் சைகை காட்டினார். மணியக்கா கையில் இன்னும் கணிசமான தாள்கள் இருந்தன. அந்த மணிக்காரி என்ன ஆனாள் என்பதே அவற்றில்தான் இருந்தது. போச்சு, இந்த வருஷமும் போச்சு என்று நினைத்தாள்.

குடைக்காரர் மணியைத் தூக்கினார். ஆட்டினார். சத்தம் வரவில்லை.

"அடிங்க சார்" என்றார் தலைவர்.

குடைக்காரர் இன்னும் வேகமாக ஆட்டினார். முகத்தில் அவ்வளவு அக்கறை. மணிக்குள்ளிருந்து கட்டம் போட்ட கைக்குட்டையின் ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"அடிச்சுக்கிட்டுதான் சார் இருக்கேன்" என்றார்.

கடைசி வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் முதலில் சிரித்தார். பிறகு வங்கி ஊழியர்கள், பிறகு அரங்கமே. தலைவர் எழுந்திருக்கப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். அவர் உதட்டோரமும் லேசாக அசைந்தது.

மணியக்கா தாளைப் புரட்டினாள். இப்போது அவசரப்படவில்லை. மணிக்காரியை வேலையை விட்டு நீக்கினதையும், அவள் இடத்துக்கு வேறு எந்தப் பெண்ணும் வர மறுத்ததையும், கடைசியில் நிர்வாகியே தினமும் வந்து நின்று கயிறு இழுத்ததையும் வாசித்தாள். கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். கைதட்டலுக்கு நடுவே, பதிவேட்டில் அவள் கட்டுரைக்கு நேரே தலைவர் கையெழுத்துப் போட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். குடைக்காரர் எழுந்து நின்றார்.

"கேள்வி இல்லம்மா, ஒரு சின்ன கருத்து. அந்த முற்றத்துல மழை பேஞ்சா, இவங்க குடைய எங்க வெச்சாங்க? ஏன் கேக்கறேன்னா, குடையோட வரலாற்றுல மூணு கட்டம் இருக்கு. முதல் கட்டம்..."

மணியக்கா மேடையை விட்டு இறங்கி நேராக அவரிடம் வந்தாள். ஒரு விநாடி அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு அவர் கையிலிருந்த மணியை வாங்கினாள். உள்ளே திணித்திருந்த கைக்குட்டையை உருவி, நாலாக மடித்து, அவர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தாள்.

வைத்துவிட்டு, மணியை ஓங்கி அடித்தாள்.