அவளுடைய பாதிக் கடற்கரை

1

இந்தக் கதை ஒரு தள்ளுவண்டியிலிருந்து தொடங்கியது. சூப்பர்மார்க்கெட்டில் சாமான்களைப் போட்டுத் தள்ளிக்கொண்டு போவோமே, அந்தக் கம்பி வண்டி. நான் அதைப் பார்த்ததில்லை. என் மனைவி இங்க்ரிட் பார்த்ததாகச் சொன்னாள். அவள் பிப்ரவரியில் இறந்துபோனாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். அதற்கு மேல் கதைக்குத் தேவையில்லை.

அமெரிக்காவின் மேற்கே, ஆரெகன் கடற்கரையோரமாக நாங்கள் வேனில் வாழ்ந்தோம். நான் தொலைவில் கொலம்பஸ் நகரத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதிப்பவன். அவள் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள். வேன் ஒன்று, மேசை ஒன்று, சிக்னல் ஒன்று. ஒருவர் மீட்டிங்கில் உட்கார்ந்தால் மற்றவர் வெளியே போய்விட வேண்டும். அதற்கு முறை என்று பெயர். உன் முறை, என் முறை.

ஆகவே கடற்கரையை நாங்கள் சேர்ந்து பார்த்தது குறைவு. என் பாதியை நான் பார்த்தேன். அவள் பாதியை அவள் பார்த்தாள். சாப்பிடும்போது மாற்றிக்கொண்டோம்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "கடல் பின்வாங்கிய அந்தக் காலையில், மரியன் காலணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்தபடி—"

விட்டுவிட்டேன். [மரியன் என்று பெயர் மாற்றியதும் அவள் அதிகம் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இங்க்ரிட் அவ்வளவு சிரிக்கிறவள் இல்லை. வெறுங்காலோடு நடக்கவும் மாட்டாள். மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.]

இரண்டாவது: "அலுவலகம் என்பது இனி ஓர் இடம் அல்ல, அது—"

இதுவும் போயிற்று. இப்படித் தொடங்குகிறவர்கள் யாரும் வேனின் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதைப் பற்றி எழுதுவதில்லை.

மூன்றாவது, நடந்தது அப்படியே:

"கடலுக்குள்ள நீட்டிட்டு நிக்குதே மலைமூக்கு, அதுக்குக் கீழ பாறையில ஒரு வாசல் இருக்கு, நோலன். தண்ணி நல்லா வத்துனா நடந்தே அந்தப் பக்கம் போயிடலாம்."

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தள்ளுவண்டி. கடைத் தள்ளுவண்டி. மணல்ல பாதி புதைஞ்சு கெடக்கு. உள்ள பூரா மட்டி ஒட்டியிருக்கு."

"கதை விடாத. அங்க எப்படி வண்டி போகும்?"

"எனக்கென்ன தெரியும். மட்டி வாங்க வந்திருக்கும்."

"படம் எடுத்தியா?"

"இல்ல. உன் முறை வரும்போது போய்ப் பாரு."

என் முறை வரவில்லை. தண்ணீர் அவ்வளவு தூரம் வற்றுவது கோடையில் சில காலைகளில்தான். குளிர்காலத்தில் அதே வற்றம் இருட்டில் வரும். என் குழுவின் மீட்டிங் காலையில். அவளுடையது மாலையில்.

3

இங்க்ரிட்டிடம் ஒரு வித்தை இருந்தது. மீட்டிங் சலித்தால், பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பாதி திறந்தபடி உறைந்துவிடுவாள். இமைக்கக்கூட மாட்டாள். "ஐயோ, இங்க்ரிட்டுக்கு சிக்னல் போச்சு" என்பார்கள். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டு பூட்ஸை எடுப்பாள். கரையோரம் வேனில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். அவள் அளவுக்குத் தாக்குப்பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஆனால் மார்ச்சில், வேலைக்குத் திரும்பிய வாரம், குழு மீட்டிங்கில் மேலாளர் ஹேடன் கூப்பிட்டார்.

"நோலன்? நோலன், கேக்குதா? சிக்னல் போயிடுச்சு போல."

"எந்தக் காட்டுல நிக்கிறானோ."

"வாய் மூடியிருக்கறப்ப உறைஞ்சிருக்கான், குடுத்துவச்சவன். எனக்கு போன தடவை கொட்டாவி நடுவுல."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அசையத் தோன்றவில்லை.

அது அடிக்கடி நடந்தது. போன வாரம் ஹேடன் தனியாக அழைத்தார்.

"இங்க பாரு, வியாழக்கிழமை க்ளையன்ட் வர்றாங்க. அன்னைக்கும் உன் சிக்னல் செத்துச்சுன்னா என்னால தாங்கிப் பேச முடியாது. வேனை விட்டுட்டு கொலம்பஸ் வந்துடு. ஒரு மேசை காலியா இருக்கு. ஜன்னல் பக்கம்."

நல்ல மனிதர். ஜன்னலை உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னார்.

வியாழக்கிழமை காலைதான் இந்தக் கோடையின் கடைசிப் பெரிய வற்றம்.*

* வேண்டுமென்றே பொருத்திவைத்தது போல இருக்கிறது. கடல் ஏற்ற இறக்க அட்டவணையைத் திரும்பப் பார்த்தேன். அப்படித்தான் போட்டிருக்கிறது.

4

அடுத்து யோலண்டா. பக்கத்தில் நிற்கும் பழைய பள்ளிப் பேருந்தில் இருப்பவர். காப்பீட்டுக் கம்பெனிக்காகத் தொலைபேசியில் பதில் சொல்வது அவர் வேலை. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். கதையில் கதவைத் தட்டுவதற்காகவே வைத்தது போல இருக்கிறார். அதனால் இதுவரை எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். அப்போது "ஐம்பதைத் தாண்டியவர்" என்றும் ஒரு வரி இருந்தது.

"எந்தப் பக்கமா தாண்டினேன்?"

"எடுத்துடுறேன்."

"எடுத்துடு. அப்புறம், அந்த வண்டி நெசமா?"

"தெரியல."

"போய்ப் பாத்துட்டு வந்து எழுத வேண்டியதுதானப்பா."

"மீட்டிங் இருக்கு."

"மீட்டிங்." கோப்பையில் மிச்சமிருந்த காபியைப் புல்லில் ஊற்றினார். "அவ மீட்டிங்ல இருந்து ஓடி வந்து என் பஸ்ஸுக்குப் பின்னால நின்னுதான் பூட்ஸ் மாட்டுவா. 'யாராவது கேட்டா என்னைப் பாக்கலன்னு சொல்லு'ம்பா. இங்க யாருடி வந்து கேக்கப் போறான்னு நானும் கேப்பேன்."

"என்ன சொல்லுவா?"

"'நோலன் கேப்பான்'னு சொல்லுவா. நீ கேட்டதே இல்ல."

இது எனக்குத் தெரியாது. அவளுடைய பாதியில் இருந்திருக்கிறது.

5

முடிவுகள்.

அ. அவன் போகிறான். வண்டி இருக்கிறது. கைப்பிடியைத் தொட்டதும் உடைந்து அழுகிறான். [நான் இதுவரை அழவில்லை. இவன் மட்டும் அழுதால் பொய்.]

ஆ. அவன் போகிறான். வண்டி இல்லை. அவள் சும்மா சொன்னது. [பிழை திருத்துகிறவள். இருப்பதை எடுப்பாள். இல்லாததைச் சேர்த்து நான் பார்த்ததில்லை.]

இ. அவன் போகவில்லை. மீட்டிங் நன்றாக முடிகிறது. வேலையும் வேனும் தங்குகின்றன. அடுத்த கோடையும் கடல் வற்றும்.

மூன்றாவதுதான் நேற்றுவரை என் முடிவு. புத்திசாலித்தனமானது. அதை எழுதிவிட்டு ஏன் என்று யோசித்தேன். வேலைக்காக இல்லை. என் பாதி முழுவதும் பார்த்தாகிவிட்டது. அவள் சொன்னவற்றில் நான் போகாத இடம் இது ஒன்றுதான். இதையும் பார்த்துவிட்டால் அவள் பாதி என்று எதுவும் மிச்சமிருக்காது.

போகாவிட்டால் அது இருக்கும். கொலம்பஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதும்—

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

6

வியாழன். மீட்டிங் தொடங்கிவிட்டது. இதைக் கணினித் திரையில் இன்னொரு சாளரத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஹேடன் கோடுபோட்ட சட்டை அணிந்திருக்கிறார். க்ளையன்ட் இருவர், கையில் ஒரே மாதிரி தண்ணீர்க் குடுவை. அடுத்து நான் பேச வேண்டும்.

கதவு தட்டப்படுகிறது. [சொன்னேனே.]

"தண்ணி போயிடுச்சு நோலன். பாறை அடி வரைக்கும் தெரியுது." யோலண்டா குரலைத் தாழ்த்தாமலே பேசினார். "நான் நடக்கிறேன். வந்தா வா. இல்லன்னா உக்காந்து கதையை முடி."

மைக் அணைந்துதான் இருந்தது. கேமரா அணைந்திருக்கவில்லை. ஹேடன் பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்க்கிறார். நான் திரும்பிக் கதவைப் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. மார்ச்சிலிருந்து அவர் பார்க்கும் முதல் அசைவு.

பூட்ஸ் கதவருகில் இருக்கிறது. என்னுடையது. அவளுடையது என் காலுக்குச் சேராது.

வாசகரே, இந்த நாற்காலிக்கு வாருங்கள். கேமராவை நேராகப் பாருங்கள். வாயைப் பாதி திறந்துகொள்ளுங்கள். இமைக்கக் கூடாது. என் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிடுவார்கள், பிறகு இன்னொரு முறை. சிக்னல் போய்விட்டது என்பார்கள். யாராவது சிரித்தாலும் அசையாதீர்கள். ஜன்னல் பக்க மேசையைப் பற்றிப் பேசினால் அது எனக்குத்தான், உங்களுக்கில்லை.

திரும்பி வந்து அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று எழுத மாட்டேன். படமும் எடுக்கப் போவதில்லை. உங்கள் முறை வரும்போது போய்ப் பாருங்கள்.