கோமாவில் கிடந்தவர் சொன்ன வசனம்

என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியும். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள், பதினாலு தொடர்கள். நீதிபதியாக உட்கார்ந்து பத்தொன்பது பேருக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார். முப்பத்தொரு கதாநாயகிகளுக்கு அப்பாவாக இருந்து முப்பத்தொரு காதலையும் எதிர்த்திருக்கிறார். கடைத்தெருவில் "ஜட்ஜ் ஐயா" என்று கூப்பிட்டுத் தக்காளியை அவரையே பொறுக்கிக்கொள்ளச் சொல்வார்கள். வீட்டில் அவர் தீர்ப்பு எதுவும் செல்லாது, அது வேறு விஷயம்.

அவரிடம் ஒரு திமிர் உண்டு. தொடர்களில் முக்கால்வாசிப் பேர் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒருவர் உரக்கப் படிப்பார், இவர்கள் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். குரலை அப்புறம் டப்பிங்கில் சேர்ப்பார்கள். நாற்பத்தொரு வருஷத்தில் இவர் ஒரு நாளும் அந்த உதவியை வாங்கியதில்லை. முதல் நாள் சாயங்காலம் என் போனுக்கு வசனம் வரும். அவர் கண்ணுக்குத் தோதாக நான் ஒரு நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பேன். விடியற்காலை ஐந்தரைக்கு நோட்டோடு சமையலறைக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் வசனத்தை எல்லாம் நான் படிக்க வேண்டும், அவர் தன்னுடையதைச் சொல்வார். அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு நான் மகளாக அழுதிருக்கிறேன், வில்லனாக மிரட்டியிருக்கிறேன். பால் பொங்கி வழிந்ததுக்குக் கணக்கே இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். முகத்தில் பூசின பவுடரைக்கூடத் துடைக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"வசனம் மறந்து போச்சு."

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை இணை இயக்குநர் போனில் சொன்னார். சம்பந்தமே இல்லாமல் வேறு ஏதோ பேசினாராம். சரி என்று ஓர் ஆளை நிறுத்திப் படிக்க வைத்தால், அந்தக் குரல் காதில் விழ விழ இவர் தடுமாறினாராம். ஒன்பது டேக். "வயசாயிடுச்சுல்லம்மா, யாரைக் குத்தம் சொல்றது?" என்றார்.

மறுநாள் முடிவு வந்தது. அவருடைய பாத்திரம் மாடிப்படியில் விழுந்து கோமாவுக்குப் போகிறது. தொடரில் கோமா என்றால் என்னவென்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் படுக்க வைத்துப் படம் பிடிப்பார்கள். அப்புறம் "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு" என்று மற்றவர்கள் சொல்லியே இருநூறு எபிசோடை ஓட்டிவிடுவார்கள். படுத்தவரை யாரும் எழுப்புவதில்லை. ஞாபகம் போய்விட்டது என்று பேச்சுக் கிளம்பினால் வேறு கம்பெனியும் கூப்பிடாது.

அவர் கண்ணாடியைத் தேடினாலும் பயம், சாவியைத் தேடினாலும் பயம். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை கோமா படப்பிடிப்பு. அன்றைக்கும் ஐந்தரைக்கு நோட்டோடு வந்து நின்றார்.

"உங்களுக்குத்தான் வசனமே இல்லையே?"

"மத்தவங்களுக்கு இருக்குல்ல? படி."

மகள் படுக்கையருகே அழுதுகொண்டு பேசும் மூன்று பக்கம். படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை" என்றார்.

அவர் கிளம்பிப் போன பிறகு ஏதோ தோன்றி போனைக் குடைந்தேன். செவ்வாய்க்கிழமை, காலை நாலு ஐம்பது. "சீன் மாத்தியாச்சு. இதைத்தான் எடுக்கறோம்." நாலு பக்கம். நான் பார்க்கவே இல்லை. பழைய சீனைப் பெரிய எழுத்தில், அழகாக எழுதி, அவர் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறேன்! மறந்தவர் அவர் இல்லை. கண்ணைப் பின்னந்தலையில் வைத்திருந்தவள் நான். கட்டின புடவையோடு ஆட்டோ பிடித்தேன்.

ஒரு கொட்டகைக்குள் ஆஸ்பத்திரி போட்டிருந்தார்கள். இவர் மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடந்தார். இயக்குநரிடம் ஓடினேன். "இந்த ஒரு ஷாட் முடியட்டும்மா" என்று மானிட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார்.

மகளாக நடிக்கும் பெண் நல்ல பெண். கண்ணீர் கேட்டவுடன் வரும், வசனம்தான் வராது. அன்றைக்கு அழுகையை நேரடியாகவே பதிவு செய்ய வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டதால், எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

முதல் பக்கம் தாண்டியதும் நின்றாள். போச்சு என்று நினைத்தேன். அப்பா நெஞ்சில் தலையைச் சாய்த்து விம்மினாள், பிறகு தொடர்ந்தாள். இரண்டாம் பக்கத்திலும் நின்றாள், கன்னத்தை அவர் முகத்தோடு வைத்துக்கொண்டாள், மறுபடி தொடர்ந்தாள். மூன்று பக்கமும் ஒரே டேக்கில் முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஒலிப்பதிவாளர் மட்டும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திருதிருவென்று விழித்தார். "சார்... கோமா பேசுது சார்."

இயக்குநர் வாங்கிக் கேட்டார். கேட்டுவிட்டு விறுவிறுவென்று கட்டிலுக்குப் போனார். "சார், நீங்களா?"

இவர் ஒரு கண்ணைத் திறந்தார். "பாப்பா நிக்கற இடத்துல ரெண்டு வார்த்தை எடுத்துக் குடுத்தேன். உதடு அசையலையே?"

"அசையலை சார். மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கலை நான். அவங்க வசனம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு எல்லார் வசனமும் தெரியும். வீட்ல இவ படிப்பா."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. போனை நீட்டி, தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இயக்குநர் அந்தச் செய்தி வந்த நேரத்தைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். "ஏன் சார் அன்னிக்கே சொல்லலை?"

இவர் குழாய் தொங்க எழுந்து உட்கார்ந்தார். "சொன்னா என்ன செய்வீங்க? இனிமே வீட்டுக்கு அனுப்பாம நேரா என் கையில குடுப்பீங்க. அப்புறம் காலையில அஞ்சரைக்கு நான் யாரோட நடிக்கிறது?"

இயக்குநர் தன் போனை எடுத்துக் கதாசிரியரைக் கூப்பிட்டார். "அப்பாவை எழுப்புங்க. திங்கக்கிழமையே. நாலு பக்கத்துக்குக் குறையாம எழுதுங்க."

திரும்பும்போது காரில் பிடித்துக்கொண்டேன். "மாத்தின சீன் வந்தது உங்களுக்கு அன்னிக்கே தெரியும். மூணு நாளா என்னை அழ வச்சீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?"

மனிதர் கூசாமல் சிரித்தார். "மறந்து போச்சுன்னு ஒரே ஒரு வசனம். நாப்பத்தொரு வருஷத்துல நான் நடிச்சதுலயே அதுதான்டி உசத்தி. நீயே நம்பிட்டியே!"

கைப்பையால் ஓங்கி ஒரு அடி வைத்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது. நல்ல நடிப்புதான்.