கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு தும்பை

1

இந்தக் கதை என் மகளின் அறிவியல் வினாத்தாளில் பிறந்தது. ‘ஊசியிலை மரத்தையும் பூக்கும் சிறுசெடியையும் ஒப்பிடுக.’ ஒன்று பூக்காது, விதையை மூடி வைக்கத் தெரியாது, தலைமுறை தாண்டி நிற்கும். மற்றது பூக்கும், காய்க்கும், ஒரு பருவத்தோடு சரி. மதிப்பெண் கிடைத்துவிடும். கதைக்கு ஆள் வேண்டுமே?

2

பனி படர்ந்த மலைச்சரிவில் ஒரு...

(அடித்துவிட்டேன். நான் இருப்பது சேலையூரில்.)

சரி, ரத்தினபாய். ஓய்வுபெற்ற டீச்சர். முதல் மாடியில் தனியாக இருக்கிறாள். பால்கனித் தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம், கணவர் ஆசையாக வாங்கி வைத்தது. அதன் அடியில் யாரும் நடாமலே தும்பை முளைத்துப் பூத்துக் குலுங்கியது. மேல்வீட்டு ஞானாம்பாள் பூஜைக்குத் தும்பை பறிக்கத் தினமும் வருவாள். பறிப்பது சட்டென்று முடிந்துவிடும். காபியும் பேச்சும்தான் முடியாது.

(ஞானாம்பாள் பால்கனியில் மோர்மிளகாய் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இந்த மிளகாயை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.)

3

மரம் மஞ்சளித்தது. நர்சரி அன்பு வந்து பார்த்தான்.

“சத்தெல்லாம் இந்தச் செடி உறிஞ்சிகினு கீது மேடம். புடுங்கிப் போடுங்க, மரம் பொழைச்சிக்கும்.”

பிடுங்கினால் ஞானாம்பாள் எதற்கு வருவாள்? பிடுங்காவிட்டால் கணவர் வைத்த மரம் போய்விடும். ரத்தினபாய் தும்பையில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். ஒரு களைச்செடிக்கு இத்தனை தவிப்பா என்று எனக்கே சந்தேகம்தான். (தினமும் தனியாகக் காபி குடித்துப் பார்த்தபின் சந்தேகப்படலாம்.)

4

முடிவு ஒன்று: பிடுங்கிவிடுகிறாள். மரம் துளிர்க்கிறது. இரண்டாவது டம்ளர் அலமாரியில்...

(மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: விட்டுவிடுகிறாள். மரம் காய்கிறது, கோடையில் தும்பையும்...

(இது அதைவிட மோசம்.)

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. ஞானாம்பாள்தான். கையில் காலித் தொட்டி.

“அன்பு சொன்னான் டீச்சர். தும்பைய வேரோட இதுல மாத்திடலாம்.”

ரத்தினபாயின் முகம் வாடிவிட்டது. “அப்ப மேல எடுத்துட்டுப் போயிடுவீங்களாக்கா?”

“ஐயோ, எங்க பால்கனில ஏது வெயிலு? இங்கயே இருக்கட்டும். நான் வந்து பறிச்சுக்கறேன்.”

5

ரத்தினபாய் என்ன பதில் சொன்னாள்? எழுதி எழுதி அடித்துவிட்டேன். மிளகாய் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

“................”

அதற்குள் அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வரட்டும்.