ஜிம்மி ஓடும் நேரம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஃபேன் காற்று எட்டுகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு நாய்க்கதை சொல்கிறேன். முடிகிறவரை யாரும் எழுந்து போகக் கூடாது.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிற ரோட்டில்தான் அக்னஸ் வீடு. மகன் ஆல்பின் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்த கறுப்பு லேப்ரடாரை அம்மாவிடம் விட்டுப் போனான். அக்னஸுக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் அவன் வீடியோ போனில் கூப்பிடுவதே ஜிம்மியைப் பார்க்கத்தான் என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்பதற்குமேல் தாய்க்கும் பிள்ளைக்கும் பேச்சு ஓடாது. உடனே ஜிம்மியை ஓடச் சொல் என்பான். அவள் ரோட்டைத் தாண்டிப் போய், பூவரச மரத்து நிழலில் நின்று போனைத் தூக்கிப் பிடிப்பாள். அதற்குள்ளிருந்து அவன் விசிலடிப்பான். வாசலிலிருந்து ஜிம்மி காது பறக்கப் பாய்ந்து வரும். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காக அவள் மறுபடியும் மறுபடியும் ஓடவிடுவாள்.

ஜூன் பிறந்ததிலிருந்து அவன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிட்டான். வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. ரோட்டில் பாதியை அடைத்துப் பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் கோடை நெல்லைக் காயப்போட்டிருந்தாள். ஜிம்மி தாரில் ஓடாமல் நெல்மேல் ஏறி ஏறி வந்தது.

"நெல்லத் துவைக்கிது பாரு, ஒன் மவராசன் வளர்ப்பு" என்றாள் கமலாம்பாள்.

அக்னஸும் அதைக் குறும்பு என்றே நினைத்தாள். அதட்டித் தாருக்கே விரட்டினாள்.

அன்று அவன் போனை வைத்ததும் ஜிம்மி நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. நாக்கு தொங்கிற்று, எச்சில் நூலாக இழுத்தது. எழப் பார்த்துச் சரிந்தது. ஓடிய அக்னஸுக்குச் செருப்பு வார் அறுந்து, வெறுங்கால் தாரில் பதிந்தது. வாய்விட்டுக் கத்திவிட்டாள். அது நெல்மேல் ஏறியது எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு பெண்களும் அதைச் சாக்கில் கிடத்தி நிழலுக்கு இழுத்தார்கள். வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றி, முறத்தால் விசிறினார்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து மருந்து ஏற்றினார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் போயிருக்கும் என்றவர், வெந்து உரிந்த பாதங்களுக்குக் கட்டுப் போட்டார். இனி விடியலில் ஓடட்டும், இல்லையென்றால் பொழுது சாய்ந்து தார் ஆறியபின் ஓடட்டும் என்று சொல்லிப் போனார்.

நாய் பிழைத்தது. ஆனால் ஓடாத நாயைப் பார்க்க அவன் எதற்குக் கூப்பிடுவான்? அக்னஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் போன் வந்தது. ஜிம்மி தூங்குகிறது என்று சொல்லிப் பார்த்தாள். எழுப்புகிறேன் பார் என்று அவன் விசிலடித்தான். ஈரச்சாக்கில் கிடந்த ஜிம்மி, கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்து நிற்கத் தடுமாறியது.

"விசிலடிக்காதடா" என்றாள். "நான்தான் அத தாருல ஓடவிட்டுக் கால வேக வச்சிட்டேன்."

ஆல்பின் விசிலை நிறுத்தினான்.

"இங்க இந்த நேரத்துல எங்கள வெளிய நிக்கவிட மாட்டாங்கம்மா. வெயில் ஆகாதுன்னு வேலைய நிறுத்திருவாங்க. அதனாலதான் இப்பல்லாம் இந்நேரத்துக்குக் கூப்புடுறேன். எனக்கே தோணல பாரு."

"ஏசி ரூமுல வேலைன்னுல்ல சொன்ன?" என்றாள்.

அவன் ஜிம்மியின் காலைக் காட்டச் சொன்னான். அவள் காட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை கறுத்திருந்தது. காலருக்குள் மட்டும் அவள் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளையின் நிறம் மிச்சமிருந்தது.

"தண்ணியாவது ஒழுங்கா குடிக்கிறியா?"

அன்று ஓடிக்காட்ட யாருமில்லை. ஆனாலும் போன் சூடாகிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாதத்தில் புதுத் தோல் கட்டிய சமயம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. விடியற்காலையில் அக்னஸ் ஜிம்மியைக் கரைக்குக் கூட்டிப்போனாள். செத்தையும் நுரையுமாக வந்த புதுத்தண்ணீரில் அது தொப்பென்று விழுந்தது. கறுப்புத் தலை மட்டும் மேலே தெரிய நீந்திப் போயிற்று. மத்தியானம் அவனுக்குக் காட்டுவதற்காக, அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று போனில் படம் பிடித்தாள். உதட்டைக் குவித்து விசிலடித்துப் பார்த்தாள். வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் அந்தத் தலை திரும்பி, அவளை நோக்கி நீந்தி வந்தது.

உங்கள் வீட்டு வாசலில், வாயில்லா ஜீவனுக்கு ஒரு சட்டித் தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். தூரதேசத்தில் நிற்கிற உங்கள் பிள்ளைகளின் தலைமேல் நிழல் விழட்டும், கண்ணுகளா.